ஒரு தோட்டாவுக்கு ஒரு இழுப்பு

தேன்கல்மேட்டில், பவுனுத்தாய் வீட்டு மருந்து மிஷினிலிருந்து வெடிமருந்துக்குப் பதிலாகக் கடுகு கொட்டத் தொடங்கிய செவ்வாய்க்கிழமையன்று, ஊரில் ஒருவரும் அதிசயப்படவில்லை, எல்லோரும் சந்தேகப்பட்டார்கள். அது அந்த ஊரின் பழக்கம். மழை பெய்தால் இதைப் பக்கத்து ஊரிலிருந்து திருப்பிவிட்டது யார் என்று கேட்பார்கள், மாடு இரட்டைக் கன்று போட்டால் காளை யாருடையது என்று கேட்பார்கள். நானும் அந்த ஊர்க்காரன்தான், ஆகையால் நான் சொல்வதையும் நீங்கள் கொஞ்சம் தள்ளி நின்றே கேட்டுக்கொள்ளலாம்.

பழனி மலையின் கீழ்ச்சரிவில் காப்பியும் ஆரஞ்சும் பீன்ஸும் விளைகிற ஊர். விளைவதில் பாதியைக் காட்டுப்பன்றி தின்னும், மீதியை மனிதர்கள் பறிப்பார்கள். லைசென்ஸ் துப்பாக்கி உள்ள வீடுகளில் சுட்டு முடித்த தோட்டாக் கூட்டை யாரும் எறிவதில்லை, பொறுக்கி வைத்திருந்து பவுனுத்தாய் வீட்டுக்குக் கொண்டுவந்து மறுபடி நிரப்பிக்கொண்டு போவார்கள். அவளிடம்தான் மிஷின் இருந்தது. எஸ்டேட்டை விற்றுவிட்டுக் கப்பலேறிய வெள்ளைக்காரத் துரை ஒருவர் அவளுடைய மாமனாருக்குக் கொடுத்துவிட்டுப் போனது அது, மேசை விளிம்பில் திருகி மாட்டிய பித்தளை மிஷின், தலையில் கண்ணாடிக் குடுவை, இடுப்பில் ஒரு கைப்பிடி, அடியில் ஒரு மூக்கு. குடுவையில் மருந்தைக் கொட்டி, மூக்குக்குக் கீழே, கூட்டின் வாயை மூக்கு மூடி உள்ளே இருப்பது தெரியாதபடி, கூட்டை நிறுத்திக் கைப்பிடியை இழுத்தால் ‘கடக்’ என்று ஒரு சத்தம் வரும், ஒரு தோட்டாவுக்கு வேண்டிய மருந்து கூடாமல் குறையாமல் இறங்கும். அதன்மேல் அட்டை, அட்டையின்மேல் ஈய ரவை, அதன்மேல் மூடி. ஒரு தோட்டாவுக்கு ஒரு இழுப்பு. மறந்துபோய் இரண்டு இழுத்துவிட்டால் குழல் தாங்காது, பன்றிக்குப் பதிலாகப் பிடித்திருப்பவன் முகத்தில் வெடிக்கும். வேலை என்று பார்த்தால் இவ்வளவுதான். ஆனால் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிற கைக்கு, இப்போது செய்தோமா அப்போது செய்தோமா என்பது தெரியாமல் போகும், அந்த வேலையின் ஆபத்து முழுக்க அந்த இடத்தில்தான் இருக்கிறது.

பவுனுத்தாயின் புருஷன் வெள்ளையப்பன் செத்தது அப்படித்தான் என்று ஊர் சொன்னது. பீன்ஸ் தோட்டத்தில் பன்றி இறங்கியிருக்கிறது என்று சேதி வந்த ஒரு சாயங்காலம், அவள் முன்கட்டில் உட்கார்ந்து தோட்டா நிரப்பிக்கொண்டிருந்தாள். பின்கட்டில் பருப்புக்குத் தாளிப்புச் சட்டி அடுப்பில் இருந்தது. கருகல் வாடையைத் தானே மோந்தது போலவும், யாரோ கருகுது என்று சொன்னது போலவும் அவளுக்கு ஞாபகம். மிஷினின் மூக்குக்குக் கீழே கூடு நின்றபடி நிற்க, எழுந்து ஓடிச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். திரும்பி வந்தபின் கைப்பிடியை இழுத்தாளா, ஓடுவதற்கு முன்பே இழுத்துவிட்டிருந்தாளா, இரண்டு தடவையும் இழுத்தாளா, அதுதான் அவளுக்குத் தெரியவில்லை. அந்தத் தோட்டாவோடு காட்டுக்குப் போன வெள்ளையப்பனைத் தம்பி சடையப்பன் தோளில் போட்டுத் தூக்கி வந்தான். துக்க வீட்டில் கூட்டம் சேர்ந்து ஏன் எப்படி என்று கேட்டபோது, முதலில் வாயைத் திறந்தவனும் அவன்தான்.

“மதினி ரெண்டு தடவ இழுத்துட்டாங்க” என்றான்.

அவள் மறுக்கவில்லை. தெரியாத ஒன்றை எப்படி மறுப்பது? துக்க வீட்டில் பதினாறு கழியும்வரை தாளிக்கக் கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். பதினாறு கழிந்தது, வருஷமும் திரும்பியது, அதற்கடுத்த வருஷங்களும் திரும்பின, பவுனுத்தாய் தாளிக்கவில்லை. நான்தான் கொன்றேனா என்பது தெரிகிறவரைக்கும் இந்த வீடு துக்க வீடுதான் என்று முடிவு செய்துகொண்டு, வெந்த பருப்பில் உப்பை மட்டும் போட்டுச் சாப்பிட்டாள்.

ஊர் அவளைக் கொலைகாரி என்று சொல்லவில்லை, அந்த அளவுக்கு மரியாதை தெரிந்த ஊர். டீக்கடையில் சீனி போடுகிறவரிடம் “ரெண்டு தடவ போட்டுராதய்யா, பவுனுத்தாய் மாதிரி” என்பார்கள். கல்யாணத்தில் மூன்றாவது முடிச்சுப் போடுகிற நாத்தனாரிடமும் அதையே சொல்வார்கள். அப்படிச் சொன்ன வாயோடேயே காலித் தோட்டாக்களை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்து, அவள் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் கையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒவ்வொரு ‘கடக்’கையும் எண்ணுவார்கள். அவளும் எண்ணுவாள். எல்லோரையும்விட அவள்தான் அந்தக் கையை அதிகம் சந்தேகப்பட்டாள்.

அப்படி எண்ணிக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமைதான் பிச்சைமுத்துவின் தோட்டாவில் கடுகு விழுந்தது. பிச்சைமுத்து ஆரஞ்சுத் தோட்டக்காரன், ஊரிலேயே பெரிய வேட்டைக்காரன் என்று பேர், அந்தப் பேரை அவனே வைத்துக்கொண்டான். விழுந்ததை உள்ளங்கையில் கொட்டி, மோந்து, நாக்கில் ஒன்றை வைத்துக் கடித்தான்.

“கடுகு” என்றான். “என் மருந்து எங்கே?”

“நீ கொட்டுன குடுவைதான், நீயே பாரு” என்றாள் பவுனுத்தாய்.

குடுவையில் மருந்து கறுப்பாக இருந்தது. கைப்பிடியை இழுத்தால் மருந்து குறைந்தது, மூக்கில் கடுகு இறங்கியது. அவள் இழுத்தாலும் கடுகு, பிச்சைமுத்து இழுத்தாலும் கடுகு. சேதி பரவி, மருந்தைத் திருடிவிட்டுக் கடுகைப் போடுகிறாள் என்று முதலில் வந்தவர்கள் சொன்னார்கள், அவளுக்கு ஏது இவ்வளவு கடுகு, தாளிக்கவே மாட்டாளே என்று அடுத்து வந்தவர்கள் சொன்னார்கள், தாளிக்காமல் சேர்த்து வைத்த கடுகுதான் இது என்று அதற்கும் அடுத்து வந்தவர்கள் சொன்னார்கள். மிஷினைக் கழற்றிப் பார்த்தார்கள், மேசைக்கடியில் படுத்துப் பார்த்தார்கள், சொந்த மருந்தைச் சொந்த வேட்டியில் முடிந்து கொண்டுவந்து சொந்தக் கையால் கொட்டிப் பார்த்தார்கள். கடைசியில் ஒருவரும் கடுகை வேண்டாமென்று விட்டுவிட்டுப் போகவில்லை. மருந்து நம்முடையது, ஆகையால் கடுகும் நம்முடையது என்று அவரவர் பேருக்கு இழுத்த கடுகை அவரவர் பொட்டலம் கட்டி எடுத்துப் போனார்கள்.

வீட்டில் கடுகு வந்தால் என்ன செய்வார்கள், தாளிப்பார்கள். அன்று பிச்சைமுத்துவின் பெண்சாதி எண்ணெய் காய்ந்ததும் ஒரு சிட்டிகையை எடுத்துப் போட்டாள். சட்டியிலிருந்து முதலில் ‘கடக்’ என்று ஒரு சத்தம் வந்தது. அப்புறம் சருகு மிதிபடுகிற சத்தம், அப்புறம் ஒரு பன்றியின் உறுமல், அப்புறம் “ஆத்தா, என்னைக் காப்பாத்து” என்று பிச்சைமுத்துவின் சொந்தக் குரல், அப்புறம்தான் காது அடைக்கிற மாதிரி வெடி. போன மாதம் பாறைமேல் நின்று ஒரே வெடியில் தனிப்பன்றியை விரட்டினேன் என்று அவன் சொல்லியிருந்தது அந்த வெடியைத்தான். அந்தக் குரல் மரத்தின் மேலிருந்து வந்தது என்பதை அக்கம்பக்கத்தார் ஜன்னல் வழியாகவே கண்டுபிடித்துவிட்டார்கள்.

சீக்கிரமே எல்லா வீட்டிலும் விஷயம் விளங்கிவிட்டது. யார் பேருக்கு இழுத்த கடுகோ, அவர் துப்பாக்கி கடைசியாகச் சுட்ட தோட்டாவின் கதையை அது சொல்லும், மிஷினில் பிறந்த ‘கடக்’ தொடங்கிக் காட்டில் வெடித்தது வரைக்கும், எத்தனை தடவை தாளித்தாலும் அதே கதை. சாம்பார் கொதிக்கிற நேரத்தில் தெருவில் காலாற நடப்பது ஆண்களுக்குப் பழக்கமானது, சமையல்கட்டு ஜன்னலைச் சாத்துவது பெண்களுக்குப் பழக்கமானது. காவலுக்குப் போகிறேன் என்று போனவன் துப்பாக்கியைத் தலைமாட்டில் வைத்துக் குறட்டை விட்டது ஒரு சட்டியில் கேட்டது. இன்னொரு சட்டியில் வெடிக்கு முன்னால் ஒரு பெண் சிரித்தாள், அந்த வீட்டில் அதன்பிறகு கொஞ்ச நாள் தயிர்ச்சோறுதான். சடையப்பன் வீட்டுச் சட்டியில் விசேஷமாக ஒன்றுமில்லை, ‘கடக்’, சருகு, பிறகு அவன் குழலைப் பற்றும்போது அவன் விரலில் இருக்கிற கனத்த ஐம்பொன் மோதிரம் இரும்பில் பட்டு ‘ணங்’ என்று ஒரு ஒலி, பிறகு வெடி. “பன்னிக்கு முன்கூட்டியே தாக்கல் சொல்லிட்டுத்தான் சுடுவான் நம்ம சடையப்பன்” என்று டீக்கடையில் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து தன் வீட்டில் அந்தக் கடுகைப் போடக் கூடாது என்று பெண்சாதியிடம் சொல்லிவிட்டான்.

மருந்து இல்லாமல் துப்பாக்கிகள் சுவரில் தொங்கியதால் பன்றிக்குக் கொண்டாட்டமாகிவிடும் என்று பயந்தார்கள், ஆனால் அதற்கும் வழி பிறந்தது. பீன்ஸ் தோட்டத்து ஓரத்தில் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு வைத்து, பெண்கள் பொழுது சாயும்போது சட்டியில் எண்ணெயைக் காயவைத்துக் கடுகைப் போட்டார்கள். வெடியோசை மலை முழுக்க எதிரொலித்து, பன்றிகள் குட்டிகளோடு அடுத்த சரிவுக்கு ஓடின. பிறகு அந்தத் தாளிப்பை வீணாக்காமல் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். சாம்பாரில் லேசாகக் கந்தக வாடை அடித்தது, நாளாக நாளாக அது இல்லாத சாம்பார் வெளியூரில் சப்பென்றிருந்தது. சேதி கேட்டு வந்த வனத்துறை ரேஞ்சர், தாளிப்பதற்கு லைசென்ஸ் வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லாததால் சங்கடப்பட்டு, தன் பேருக்கும் ஒரு இழுப்பு இழுக்கச் சொல்லிச் சட்டியில் போட்டுப் பார்த்தார். அது வெறும் கடுகாகப் படபடவென்று பொரிந்தது. அவர் சர்வீஸில் ஒரு தடவைகூடச் சுட்டதில்லை என்று ஊர் முடிவு கட்டியது.

இப்படி எல்லார் வீட்டுக் கதையும் தெருவுக்கு வந்தபின், ஊர் யோசிக்கத் தொடங்கியது. எந்தச் சட்டியிலும் ஒரு வெடிக்கு ஒரு ‘கடக்’தான் கேட்கிறது. அப்படியென்றால் வெள்ளையப்பன் பேருக்கு இழுத்தால்? அதை அவளிடம் நேரே கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. கேட்டவள் சடையப்பனின் பெண்சாதி அழகுநாச்சிதான். முருங்கைக்கீரை கொடுக்கிற சாக்கில் வந்து உட்கார்ந்து, ஒரு காம்பை உருவி முடித்தாள்.

“அக்கா, மாமா பேருக்கு ஒருக்கா இழுத்துப் பாரேன்.”

“உன் புருஷன் சொல்லிவிட்டாரா?”

“அவரா? செத்தவங்க பேருக்கு இழுத்தா தோஷம்னு குதிக்கிறாரு. ராத்தூக்கமில்ல மனுஷனுக்கு. கேட்டா எரிஞ்சு விழுறாரு.” இன்னொரு காம்பை எடுத்தாள். “எனக்காகச் சொல்லலக்கா. உனக்குத் தெரிய வேண்டாமா?”

“ரெண்டு கேட்டுச்சுன்னா?”

அழகுநாச்சி உருவிய இலைகளை முறத்தில் தள்ளினாள்.

“ரெண்டு கேட்டுச்சுன்னா நான் உசுரோட இருக்கணுமா நாச்சி?” என்றாள் பவுனுத்தாய். “இப்பவாவது பாதிதான் குத்தவாளி. பாதிய வச்சு இத்தன நாள் ஓட்டிட்டேன்.”

அழகுநாச்சி போனபிறகு அவள் மிஷினுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். பயமாக இருந்தது. ஆனால் பாதியும் சலித்துவிட்டது. சாப்பிடுகிற பருப்பு சலித்துவிட்டது, எண்ணுகிற கண்கள் சலித்துவிட்டன, தன் கையையே ஒரு வேற்று ஆளைப் போல ஓரக்கண்ணால் பார்ப்பது எல்லாவற்றையும்விடச் சலித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை உச்சிவேளைக்கு எல்லாரும் வாருங்கள், பருப்புச் சோறு என்று ஊருக்குச் சொல்லியனுப்பினாள்.

வராதவர் இல்லை. முன்கட்டிலும் வாசலிலும் நிறைந்து, மீதிப்பேர் சமையல்கட்டு ஜன்னலுக்கு வெளியே காப்பிச் செடிகளுக்கு நடுவில் நின்றார்கள். சடையப்பன் வரமாட்டேன் என்றவன், வராவிட்டால் என்ன பேசுவார்களோ என்று வந்து கதவோரமாக நின்றான். கையைத் துண்டுக்குள் வைத்திருந்தான், குளிருகிறது என்றான், வெயில் மண்டையைப் பிளந்தது.

பவுனுத்தாய் குடுவையில் மருந்தைக் கொட்டினாள். “எங்க வீட்டுக்காரர் பேருக்கு” என்று சொல்லிக் கைப்பிடியை ஒரே ஒரு தடவை இழுத்தாள், ஊரே எண்ணியது. விழுந்த கடுகை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். பருப்பு வெந்து கடைந்து தயாராக இருந்தது. இத்தனை வருஷம் கவிழ்ந்து கிடந்த தாளிப்புச் சட்டியைத் துடைத்து அடுப்பில் வைத்து, எண்ணெய் விட்டு, புகை எழும்பும்வரை காத்திருந்து, கடுகைப் போட்டாள்.

கடக்.

சட்டிக்குள்ளிருந்து, உள் அறையில் நின்று கூப்பிடுகிற மாதிரி ஒரு ஆண்குரல் வந்தது.

“பவுனு, தாளிப்புக் கருகுது பாரு.”

வெள்ளையப்பனின் குரல். அப்படியென்றால் கருகுது என்று சொன்னது அவர்தான். அவள் அம்மிக்கல்லைப் பிடித்துக்கொண்டாள், அந்தக் குரல் இன்னொரு வார்த்தை பேசாதா என்று அவளுக்கு இருந்தது. அதற்குள் சட்டியில் மெட்டி ஒலிக்க ஒரு பெண் ஓடுகிற சத்தம், தூரத்தில் சட்டியை இறக்கி வைக்கிற சத்தம். முன்கட்டில் யாரோ செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறார்கள். பிறகு, பித்தளையில் எதுவோ பட்டு, ‘ணங்’.

கடக்.

மெட்டிச் சத்தம் திரும்பி வந்தது. அட்டையை வைத்து அழுத்துகிற சத்தம், ரவை உருளுகிற சத்தம், மூடி திருகுகிற சத்தம். மூன்றாவது ‘கடக்’ இல்லை. சருகு, வெள்ளையப்பனின் மூச்சு, உறுமல், வெடி. அதன்பின் சட்டியில் ஒன்றுமில்லை.

ஊர் திரும்பிக் கதவோரம் பார்த்தது. சடையப்பன் துண்டுக்குள்ளேயே மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தான், அது கழலவில்லை, விரல் ஊதிப்போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது.

“காலியா நிக்கிதேன்னு நெனச்சேன் மதினி” என்றான். “அண்ணன் அவசரப்பட்டுச்சு. ஒத்தாசையா இருக்கட்டும்னு ஒரு இழுப்பு இழுத்தேன். சத்தியமா அவ்வளவுதான்.”

“அவ்வளவுதான்னு எனக்கும் கேட்டுச்சு தம்பி. ஏன் சொல்லல?”

“மொத நாள் சொல்லத்தான் வாயத் தொறந்தேன், பயத்துல உங்க பேரு வந்துருச்சு. மறுநாளு ஊரே அதச் சொல்லிருச்சு. அப்புறம் எப்படிச் சொல்றது?”

ஜன்னலுக்கு வெளியே நின்ற ஊர் காப்பிச் செடிகளைப் பார்த்தது.

“அவரு செத்ததுக்கு உன்னைக் குத்தஞ் சொல்ல மாட்டேன்” என்றாள் பவுனுத்தாய். “கூட்டை அப்படியே விட்டுட்டு ஓடினது நான்தான். ஆனா இந்தக் கையில அவரு ரத்தம் இருக்குன்னு நெனச்சுக்கிட்டே தெனம் சோறு பெசஞ்சு தின்னேன் பாரு, அந்தக் குத்தம் உன்னோடது. அத நான் மன்னிக்கல. மன்னிச்சுட்டேன்னு எங்கயும் சொல்லிக்கிட்டுத் திரியாத.”

பேசிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு வாடை தட்டியது. சட்டியில் கடுகு பொரிந்து மிளகாய்க்குக் காத்திருந்தது, இன்னும் கொஞ்சம் விட்டால் போய்விடும். சட்டென்று மிளகாயையும் கறிவேப்பிலையையும் போட்டு ஒரு புரட்டுப் புரட்டி, இறக்கிப் பருப்பில் கொட்டினாள். இந்தத் தடவை கருகவில்லை.

எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சடையப்பனுக்கும் இலை போட்டாள். அவன் தலையைத் தூக்காமல் சாப்பிட்டான், கடுகைப் பல்லில் படாமல் விழுங்கினான். யாரும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. மறுநாள் டீக்கடையில் “ரெண்டு தடவ போட்டுராதய்யா, சடையப்பன் மாதிரி” என்று பேரை மட்டும் மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவு சுளுவாக. மன்னிப்பு என்று ஒன்று இருப்பது தெரிந்தால்தானே கேட்பார்கள், எங்கள் ஊரைப் பற்றி எனக்கு வேறொன்றும் சொல்லத் தோன்றவில்லை.

அந்த வாரமே மிஷினில் பழையபடி மருந்து இறங்கியது. வீட்டு டப்பாக்களில் இருந்த கடுகும் வெறும் கடுகாகிப் படபடவென்று பொரிந்தது. ஆண்களுக்குச் சந்தோஷம். சுவரிலிருந்து துப்பாக்கியை இறக்கித் துடைத்து, மஞ்சள் பைகளில் காலித் தோட்டாக்களை எடுத்துக்கொண்டு பவுனுத்தாய் வீட்டுக்கு வந்தார்கள். அவள் மிஷினைத் துடைத்து வைத்திருந்தாள், நாற்காலியையும் போட்டிருந்தாள்.

“இனிமே அவங்கவங்களே இழுத்துக்குங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

முதலில் உட்கார்ந்தவன் பிச்சைமுத்துதான். கூட்டை மூக்குக்குக் கீழே நிறுத்தினான், சுற்றி நின்றவர்கள் எண்ணுவதற்குக் கழுத்தை நீட்டினார்கள், யாரோ ஒருவர் பன்றி விலையைப் பற்றி ஏதோ சொல்ல, இன்னொருவர் அதற்குச் சிரிக்க, எல்லோரும் ஒரு கணம் அந்தப் பக்கம் திரும்பினார்கள். திரும்பிப் பார்த்தபோது பிச்சைமுத்துவின் கை கைப்பிடியின்மேல் இருந்தது. இழுத்தாய் என்றான் ஒருவன், இழுக்கவில்லை என்றான் மற்றவன், நான் சிரித்துக்கொண்டிருந்தேன் எனக்குத் தெரியாது என்றான் இன்னொருவன். இழுத்திருந்தால் இன்னொரு இழுப்பு ஆளைக் கொல்லும், இழுக்காமல் இருந்தால் கூடு காலி. தன் கையையே ஒரு வேற்று ஆளைப் போல அவன் பார்த்தான், ஒருத்தியைத் தவிர அந்த ஊரில் அதற்குமுன் யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

“அக்கா” என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டான். “அக்கா, நான் இழுத்தேனா?”

பின்கட்டில் எண்ணெய் காய்ந்து கடுகு பொரியத் தொடங்கியது, வெறும் கடுகு.

“எனக்கென்னப்பா தெரியும்” என்றாள் பவுனுத்தாய். “நான் தாளிச்சுக்கிட்டிருக்கேன்.”